சினிமாவுக்கு வைத்த மருதாணி

நான் நடிகையானது சண்டை போடப் போன இடத்தில். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிட்டயர் ஆகி, உத்தமபாளையத்தில் நான் உண்டு என் வீடு உண்டு என்று இருந்தேன். பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்த சினிமாக் கம்பெனி, ஜெனரேட்டர் வண்டியை என் வாசலை அடைத்து நிறுத்தியிருந்தது. நேரே போய் வாங்கு வாங்கென்று வாங்கினேன். டைரக்டர் என்று காட்டினார்கள். என் மகனைவிடச் சின்னப் பையன். கையைக் கட்டிக்கொண்டு முழுத் திட்டையும் கேட்டுவிட்டு, "அம்மா, இதையே கேமரா முன்னாடி பேசுவீங்களா?" என்றான். வேலை பார்த்த காலமெல்லாம் ஊருக்கு என் குரல் மட்டும்தான் தெரியும். மூஞ்சியையும் காட்டித்தான் பார்ப்போமே என்று ஒரு சபலம். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஹீரோவுக்கு அம்மா வேஷம். சினிமா அம்மா என்றால் வெளுத்த சேலையும் இருமலும்தானே, இரண்டும் நம்மிடமே இருக்கிறது என்று ஒரு பை நிறையச் சேலையோடு போனேன். போனால், கதையில் என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாராம். நிஜ வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம். இந்தப் புது வீட்டுக்காரர் சென்னையிலிருந்து வந்த பழைய நடிகர். நாலு வரி வசனத்தில் மூன்றை மறப்பார். பக்கத்தில் நின்று நான்தான் மெதுவாக எடுத்துக் கொடுப்பேன். அந்த வகையில் நிஜத்துக்கும் சினிமாவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

என்னை வைத்து எடுத்ததெல்லாம் ஹீரோ மகனின் கல்யாணக் காட்சிகள், பண்ணைப்புரத்தில் ஒரு பெரிய வீட்டில். மேக்கப் போடும் பெண் என்னை உட்கார வைத்து, பட்டுச் சேலை, பொட்டு, கண்ணாடி வளையல், தலை நிறையப் பூ என்று ஜோடித்துவிட்டாள். முதல் நாளே மருதாணி இலையை அரைத்து, உள்ளங்கையில் வட்டமும் விரல் நுனியில் தொப்பியுமாக அப்பியிருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அடுத்த நிமிஷமே பயமும் வந்தது.

சாயங்காலம் பூ, பொட்டு, வளையல், சினிமாத் தாலி எல்லாம் பெட்டிக்குத் திரும்பிப் போய்விடும். மருதாணியை என்ன செய்வது? தேய்த்துக் கழுவப் போனவளை அந்தப் பெண் தடுத்துவிட்டாள். "அழிச்சிடாதீங்கம்மா. நாளைக்கு எடுக்குறதும் அதே கல்யாண நாள்தான். கை வெறுமையா இருந்தா கண்டினியூட்டி போயிரும்."

அவளுக்குக் கண்டினியூட்டி கவலை. எனக்கு என் ஓரகத்தி கவலை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி அவர், கம்பத்தில் இருக்கிறார். எனக்கு முன்னாலேயே தாலியை இழந்தவர். எங்கள் வகையறாவில் எந்த விசேஷத்தில் யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் ஒதுங்குவது என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். என் வீட்டுக்காரர் காரியத்தன்று என் வளையலைக் கழற்றியவரும் அவர்தான். கழற்றும்போது என்னைவிட அதிகமாக அழுதவரும் அவர்தான். அவர் ஒரு வார்த்தை 'வேண்டாம்' என்றால் என்னால் மீற முடியாது. அதோடு என் சினிமா முடிந்தது. முடியக் கூடாது என்று எனக்கு ஆசையாக இருந்தது.

காய்கறிக் கடையில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே மோவாயை நீட்டித் தக்காளியைக் காட்டினேன். கையில் காயமா என்று கடைக்காரர் பரிதாபப்பட்டார். இந்த லட்சணத்தில் கம்பத்தில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம் வந்து தொலைத்தது. போகாமலும் இருக்க முடியாது.

மண்டப வாசலில் சந்தனமும் கல்கண்டும் பூவுமாகத் தட்டோடு ஒரு பெண் நின்றாள். எங்களைப் போன்றவர்கள் கல்கண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் ஷூட்டிங்கில் பூவை நீட்டியதும் வாங்கித் தலையில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்குத் தொற்றியிருந்தது. கையை நீட்டிவிட்டேன். சிவந்த கையைப் பார்த்த அந்தப் பெண் சந்தேகமே படாமல் பூவை வைத்தாள். நானும் கொண்டையில் சொருகிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே ஓரகத்தி.

என் மணிக்கட்டைப் பிடித்துக் கை கழுவுகிற இடத்துக்குக் கூட்டிப் போனார்.

"என்னாடி இது?"

"படத்துக்குக்கா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். கண்டினியூட்டி என்றால் என்ன என்று கேட்டார். பல நாள் எடுத்தாலும் பார்க்கிறவர்களுக்கு ஒரே நாளாகத் தெரிய வேண்டும், அதனால் இன்றைக்கு இருப்பது நாளைக்கும் இருக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் என் உள்ளங்கையைத் திருப்பிக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் செவந்திருக்கு" என்றார். நான் அந்த 'வேண்டாம்' என்கிற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அங்கன கல்யாண வீட்டுல சும்மா உக்காந்திருக்க ஆள் வேணுமாடி?"

டைரக்டரிடம் சொன்னேன். கூட்டத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவன் உடனே வரச் சொல்லி, முன் வரிசையிலேயே உட்கார வைத்தான். நிஜக் கல்யாணம் எதிலும் ஓரகத்தி இத்தனை வருஷமாக உட்காராத இடம். பூ எவ்வளவு வைக்கட்டும் என்று மேக்கப் பெண் கேட்டதற்கு, பக்கத்தில் இருந்த என் தலையைப் பார்த்துவிட்டு, "அவளுக்கு வச்சதவிட ஒரு முழம் கூடவே வையி" என்றார். கேமராவைப் பார்க்காதீர்கள் என்று டைரக்டர் கெஞ்சக் கெஞ்ச, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் நடிப்பைப் பற்றிக் கேட்டதற்கு, வீட்டில் கத்துவதைத்தானே இங்கேயும் கத்துகிறாய் என்று முடித்துவிட்டார்.

சாயங்காலம் அந்தப் பெண் பெட்டியோடு வந்தாள். ஓரகத்தி வளையலைக் கழற்றிக் கொடுத்தார். பொட்டை எடுத்துக் கொடுத்தார். பூவுக்கு அவள் கை நீட்டியதும் கொண்டையைப் பொத்திக்கொண்டார்.

"இது இருக்கட்டும்த்தா. எடுத்தா கண்டினியூட்டி போயிரும்ல?"

அவருக்கு அந்த ஒரு நாள் மட்டும்தான் வேலை, அது முடிந்துவிட்டது. நாளைக்கு வர வேண்டியதில்லை என்று காலையிலேயே அவரிடம் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். என் தலையிலிருந்து பாதி கழற்றியிருந்த பூவை நானும் திரும்பச் சொருகிக்கொண்டேன்.

"ஆமாத்தா, போயிரும்" என்றேன்.