லாரிக்காரன் காலால் ஓடிய எட்டு கிலோமீட்டர்: கொல்லிமலை ஜோடி ஓட்டம்

என் மகள் பவித்ரா ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஓட்டத்தில் கெட்டிக்காரி. யாரிடமிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், என்னிடமிருந்து இல்லை. நான் பத்தாவதோடு படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கிளீனராக ஏறி, இருபத்திரண்டு வருஷமாக நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறேன். நான் ஓடியதெல்லாம் சக்கரத்தின் மேல்தான்.

அவளுடைய பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஒரு தடவைகூட நான் போய் உட்கார்ந்ததில்லை. ஒரு வருஷம் மட்டும் முட்டை லோடோடு அந்தப் பக்கம் போகும்போது மைதானத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி, ரெண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனேன். அப்பா வந்த கணக்கில் அது சேரும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

போன மார்கழியில் அவள் ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தாள். கொல்லிமலை செம்மேட்டில் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஓட்டப் போட்டி, தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதில் ஜோடிப் பிரிவு என்று ஒன்று. அப்பாவோ அம்மாவோ ஒருவர், பிள்ளை ஒருவர், எட்டு கிலோமீட்டர். முதல் மூன்று ஜோடிக்குப் பரிசு.

"அம்மாவுக்கு முட்டி வலி. நீங்கதான் வாரீங்க" என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் தலையை ஆட்டிவிட்டேன். அப்புறம்தான் பயம் பிடித்தது. பிள்ளை ஜெயிக்க வேண்டியதை அப்பன் கெடுத்தான் என்று ஆகிவிடக் கூடாதே. போட்டி முடிகிறவரை எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

ஒரு மாதம் பயிற்சி. லோடு இல்லாத நாட்களில் விடிகாலை ஐந்தரைக்கு லாரி ஸ்டாண்டைச் சுற்றி ஓடினேன். "ஏன்டா மாப்ள, முன்னாடி போற பஸ்ஸ உட்டுட்டியா?" என்று டிரைவர்கள் கேட்டார்கள். தினமும் இதையேதான் கேட்டார்கள், தினமும் சிரித்தார்கள். சமவெளியில் நான்கு கிலோமீட்டர் நிற்காமல் ஓட வந்தது. மலைக்கு அது போதும் என்று நினைத்தேன். இதைப் படித்துவிட்டு அடுத்த தையில் கிளம்பப்போகிறவர்கள் இந்த முதல் தவறைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு மாடிக் கட்டடமாவது தேடிப்பிடித்து ஏறிப் பழகுங்கள்.

சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணி பஸ்ஸில் நாமக்கல்லில் ஏறினோம். செம்மேடு சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். மலையடிவாரத்துக் காரவள்ளி தாண்டியதும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. நாற்பத்திரண்டாவது பலகையில் எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி முடித்ததும் கண்டக்டர் தண்ணீர் பாட்டில் கொடுத்து, "ஏனுங்ணா, என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

"வெவசாயமுங்க" என்றேன்.

"லாரி டிரைவருங்க" என்றாள் என் மகள், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

"ஸ்டேரிங் நம்ம கையில இருந்தா ஒண்ணும் ஆகாதுங்க" என்று நான் சொன்னது அந்தச் சிரிப்பில் யார் காதிலும் விழவில்லை. முன் சீட்டு கிடைத்தால் விடாதீர்கள். ஒரு எலுமிச்சம்பழமும் கையில் இருக்கட்டும்.

நான்கு மணிக்குச் செம்மேடு. அறை வாடகை எண்ணூறு ரூபாய், போர்வை கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள். பெயர் கொடுக்கும் இடத்தில் ஜோடிக்கு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, நம்பர் அட்டையும் ஒரு சிவப்புத் துண்டும் கொடுத்தார்கள். பாதையில் எப்படி வேண்டுமானாலும் ஓடலாம், ஆனால் முடியும் கோட்டைத் தாண்டும்போது இருவரும் அந்தத் துண்டின் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருக்க வேண்டும், அப்போதுதான் நேரம் கணக்கு. மைக்கில் இதை மூன்று தடவை சொன்னார்கள். மூன்று தடவையும் நான் மிளகாய் பஜ்ஜி பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பவித்ராதான் காதில் வாங்கிக்கொண்டாள்.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் பொன்னி என்று ஒரு அம்மா, மகள் சத்யாவோடு நின்றிருந்தார். மலையிலேயே திருப்புலி நாட்டுப் பக்கம் மிளகும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் போடுகிற குடும்பம். அப்பா லாரி டிரைவர் என்று பவித்ரா அங்கேயும் அறிவித்துவிட்டாள். பொன்னி என் காலைப் பார்த்தார்.

"பூட்ஸ் புதுசாட்ட இருக்குதுங்ணா?"

"ஆமாங்க. ஆயிரத்து நானூத்தம்பது. முந்தாநாள்தான் வாங்குனேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

"அப்ப நாளைக்கு நீங்க ஓட மாட்டீங்க. அதுதான் உங்கள ஓட்டும்" என்றார். சத்யா வாயைப் பொத்திக்கொண்டாள். மலை இறங்கும்போது புதுச் செருப்பு கூடாது, கால் நகத்தை வெட்டிக்கொள்ள வேண்டும், ராத்திரி எண்ணெய்ப் பண்டம் வேண்டாம் என்று மூன்று விஷயம் சொன்னார். நகத்தை வெட்டினேன். மற்ற இரண்டுக்கும் வழியில்லை. ஒன்று, வேறு செருப்பு கொண்டுவரவில்லை. இன்னொன்று, பஜ்ஜி ஏற்கனவே உள்ளே போயிருந்தது.

ஞாயிறு காலை ஆறரைக்கு விசில். வாயைத் திறந்தால் புகை வந்தது. பனியில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. நாற்பத்திரண்டு ஜோடிகள். பாதை சுலபம்தான்: நான்கு கிலோமீட்டர் இறக்கம், அங்கே ஒரு டிரம்மைச் சுற்றிக்கொண்டு அதே நான்கு கிலோமீட்டர் ஏற்றம். இறக்கத்தில் எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஆட்களை முந்துகிறேன், அதுவும் டிராக் பேன்ட் போட்ட இளவட்ட அப்பாக்களை! "மெதுவாப்பா, மெதுவா" என்று பவித்ரா பக்கத்தில் கத்திக்கொண்டே வந்தாள். டீசலை மிச்சம் பிடிக்க மலையில் நியூட்ரலில் இறங்குகிற டிரைவர்களை நான் கெட்ட வார்த்தையில் திட்டுகிறவன். அன்று நானே நியூட்ரலில் இறங்கினேன்.

டிரம் பக்கத்தில் ஆளுக்கொரு டம்ளர் சாமைக் கஞ்சி கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் திரும்பினால், தொடை ரெண்டும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஐம்பது அடி ஓடுவேன், நிற்பேன், இடுப்பில் கை வைப்பேன். மறுபடி ஐம்பது அடி. இடது குதிகாலில் கொப்புளம் வேறு. நான் முந்திய இளவட்ட அப்பாக்கள் எல்லாம் ஒவ்வொருவராக என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். "நீ போ கண்ணு, நான் பின்னாடி வாரேன்" என்றேன்.

"போயி? கோட்டுக்கிட்ட நின்னு கோலம் போடறதா? துண்டு ரெண்டு பேருக்குமுங்கப்பா."

அப்போதுதான் பொன்னியும் சத்யாவும் எங்களைத் தாண்டினார்கள். ஓடவில்லை. நடந்தார்கள். சின்னச் சின்ன அடி, விடாத நடை. மிளகு மூட்டை சுமந்து ஏறிய கால்கள் அப்படித்தான் நடக்கும்போல.

"ஏனுங்ணா, லோடு ஏத்துன வண்டிய மேட்டுல நிறுத்தி நிறுத்தி எடுப்பீங்களா?"

"இல்லீங்க. கிளட்ச் போயிரும்."

"அப்பறம் எதுக்கு நிக்கறீங்க? ஒரே கியருல வாங்க. ஓடாதீங்க, நிக்காதீங்க. வளைவுல உள்ளார போவாதீங்க, செங்குத்து. வெளிப்பக்கமா சுத்தி வாங்க."

அதைச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். அவரும் பரிசுக்குத்தான் ஓடுகிறார். எனக்கு ஏன் சொல்ல வேண்டும்? இன்றுவரை அதை நினைத்தால் கை தானாகக் குவிகிறது. இத்தனைக்கும் அவர் சொன்னது என் தொழில். வளைவில் அகலமாகச் சுற்று, மேடு வருமுன்னே கியரைக் குறை. வண்டிக்குத் தெரிந்தது வண்டிக்காரனுக்குத் தெரியாமல் போனது.

நடந்தேன். வெளிப்பக்கமாகவே நடந்தேன். ஐந்தாவது கிலோமீட்டரிலிருந்து ஏழாவது வரை ஒரு தடவையும் நிற்கவில்லை. நம்புங்கள், ஓடி ஓடி நின்றவர்களை நடந்தே தாண்டினோம். பவித்ரா என் அடிக்குத் தன் அடியைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தாள். அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

கடைசி வளைவு திரும்பியதும் மைதானம் தெரிந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர் தவித்துக்கொண்டு நின்றார். சேலத்திலிருந்து வந்த அப்பா. கறுப்புக் கண்ணாடி, இதயத் துடிப்பு காட்டும் கைக்கடிகாரம், நல்ல ஓட்டக்காரர். மகனை விட்டுவிட்டு முன்னால் வந்துவிட்டார். துண்டின் ஒரு முனையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "வாடா, வாடா சாமி" என்று எங்களுக்குப் பின்னால் பார்த்துக் கத்தினார். பையன் இன்னும் இருநூறு அடி தூரத்தில் வந்துகொண்டிருந்தான்.

"இப்ப ஓடலாமுங்கப்பா" என்று பவித்ரா துண்டை நீட்டினாள். நான் ஓடினேன் என்று சொல்ல மாட்டேன். துண்டின் அந்த முனை ஓடியது, இந்த முனையில் நான் இருந்தேன்.

ஒரு மணி நேரம், நான்கு நிமிஷம். மூன்றாம் இடம்! மலையிலேயே இருக்கும் ஒரு அப்பாவும் மகனும் முதல், பொன்னியும் சத்யாவும் இரண்டாவது. எங்களுக்கு இரண்டு கிலோ மிளகும் ஒரு பாட்டில் தேனும். சேலத்துக்காரர் நான்காவது. மகனின் தலையைத் தடவிவிட்டு, நேராக என்னிடம் வந்து, தன் பையிலிருந்து பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்து என் குதிகாலுக்கு அவரே ஒட்டிவிட்டார். அந்த மனசுக்கு என்ன சொல்வது.

பரிசு வாங்கிவிட்டு, முடிவுகள் ஒட்டிய பலகையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் தனி ஓட்டம், ஐந்து கிலோமீட்டர், இதே மேடு பள்ளம். ஒருவர் ஒரு பிரிவில்தான் ஓடலாம். முதல் பரிசு சைக்கிள். ஜெயித்த பெண்ணின் நேரம் முப்பத்தொரு நிமிஷம். பவித்ரா எங்கள் ஊர்க் கரட்டுக் குன்றில் ஏறி இறங்கி அதே தூரத்தை இருபத்தாறில் முடிக்கிறவள்.

"ஏன் கண்ணு, இதுல சேந்திருக்கலாமே? சைக்கிள் உனக்குத்தான்."

மிளகுப் பையை முகர்ந்துகொண்டே சொன்னாள்: "தனியா ஓடியிருந்தா, நீங்க வெளிய நின்னு ரெண்டு ஹாரன் அடிச்சுட்டுப் போயிருப்பீங்கப்பா."

குறையாகச் சொல்லவில்லை. கேலியாகத்தான் சொன்னாள். நான் பிளாஸ்திரி சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன்.

பதினொரு மணி பஸ்ஸில் இறங்கினோம். அந்தத் தடவை வயிறு ஒன்றும் செய்யவில்லை.

போகப்போகிறவர்களுக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். முதல் நாளே போய்ச் சேருங்கள். ஸ்வெட்டர் அவசியம். கையில் ரொக்கம் வைத்திருங்கள், போனில் சிக்னல் எல்லா இடத்திலும் எடுக்காது. பழகிய செருப்பு. இறக்கத்தில் பிரேக், ஏற்றத்தில் நடை. விதிமுறை சொல்லும்போது பஜ்ஜியைப் பார்க்காதீர்கள். சாப்பாடு, பஸ், அறை, கட்டணம் எல்லாம் சேர்த்து இருவருக்கும் ஆயிரத்து எழுநூறு ரூபாய் ஆனது. பிள்ளை எந்தப் பிரிவில் பெயர் கொடுக்கிறது என்று பாருங்கள். ஏன் அந்தப் பிரிவு என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

திரும்பி வந்த மறுநாளே முதலாளியிடம் போய், ஆகஸ்டில் பள்ளி விளையாட்டு விழா அன்று லோடு எடுக்க மாட்டேன் என்று சொன்னேன்.

"ஏன்டா, மறுபடியும் ஓடப்போறியா?" என்றார்.

"இல்லீங்க. உக்காந்து பாக்கப்போறேனுங்க."