ஆரோக்கியம் அக்கா கழுவாத கோப்பைகள்

ஆரோக்கியம் அக்கா இறந்த செய்தி நம் கத்தோலிக்கக் கோயில் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அதற்கு மேலே யாரோ மறந்துவிட்டுப் போன குடையின் படம். கீழே, ஞாயிறு நிதி சேர்ப்புக்கு சொசேஜ் சுடுவதற்கு ஆள் தேவை என்ற அறிவிப்பு. வேலை முடித்து பஸ்ஸிலிருந்து இறங்கியவர் டிப்போவிலேயே விழுந்துவிட்டாராம். கும்பிட்ட கைகள் வரிசையாக வந்தன. அவற்றுக்கு நடுவே, ஊரில் ஆசிரியையாக இருந்த ரீச்சர் அன்ரி எழுதியிருந்தார்: “எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தவள்.” அந்த ‘மாதிரி’யைப் பார்த்ததும் எனக்கு அழுகை நின்று கோபம் வந்துவிட்டது.

உங்களில் பலருக்கு அவரை நம் புறநகரில், குவேக்கர்ஸ் ஹில் பக்கம் பஸ் ஓட்டிய தமிழ் அக்காவாகத் தெரியும். இந்த நாட்டுக்கு அகதியாகப் படகில் வந்தவர். பல வருடம் தற்காலிக விசாவில் இழுபட்டவர். அவர் சிரித்தால் பஸ்ஸின் கடைசி இருக்கைவரை கேட்கும். கோயிலில் மேசை தூக்குவார், கதிரை அடுக்குவார், கூட்டிப் பெருக்குவார். ஆனால் பூசைக்குப் பிறகு தேநீர் குடித்ததும் தன் கோப்பையை மட்டும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். மற்றவர்கள் குடித்த கோப்பை ஒன்றைக்கூடத் தொடமாட்டார். “பஸ் ஓட்டுற கையெல்லே, அதுதான் பவுசு” என்று குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டே நம் பெண்கள் முணுமுணுத்தார்கள். அவருக்குக் கேட்டது. “ஓம், பவுசுதான். கஷ்டப்பட்டு வாங்கின பவுசு” என்று சிரித்துக்கொண்டே வெளியே போனார்.

நம் கோயில் ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்துடன் கைகோத்து, குழந்தை அடிமைத்தனத்துக்கு எதிரான ஞாயிறு ஒன்றைக் கொண்டாடத் தொடங்கியது நினைவிருக்கும். கொண்டாடியது என்றுதான் சொல்லவேண்டும். அன்றைக்குத் தின்ன ரோல்ஸ் இருந்தது, பட்டிஸ் இருந்தது. செங்கல் சுமக்கும் ஒரு சிறுமியின் படத்தைத் திரையில் காட்டினார்கள். மண்டபமே மூக்கை உறிஞ்சியது. அக்கா என் பக்கத்தில் இருந்தார். “அந்தப் பிள்ளை எந்த நாடு?” என்று கேட்டார். சொன்னேன். “நல்ல தூரம். தூரத்திலை இருந்தாத்தான் வடிவா அழலாம்” என்றார்.

அன்று வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுதான் தன் கதையைச் சொன்னார். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். எட்டு வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். “படிப்பிக்கிறம் எண்டுதான் கூட்டிக்கொண்டு போனவை. ரீச்சர் வீடெல்லே, அம்மாவும் நம்பினவ. நான் படிச்சது தேங்காய் துருவவும் கோப்பை கழுவவும்தான்.” அந்த ரீச்சர் யார் என்று கேட்டேன். முகவாயை உயர்த்திக் காட்டினார். மண்டப வாசலில், டாக்டர் மகனின் கையைப் பிடித்தபடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நம் ரீச்சர் அன்ரி இறங்கி வந்துகொண்டிருந்தார்.

மகன் கூப்பிட்டு விமானத்தில் வந்தவரும் படகில் வந்தவரும் இந்தக் கோயிலில்தான் மறுபடி சந்தித்திருக்கிறார்கள். முதல் நாளே ரீச்சர் அன்ரி கட்டிப்பிடித்து, “இவள் எங்கட பிள்ளை மாதிரி வளந்தவள்” என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்தாராம். “நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையா அக்கா?” என்றேன்.

“சொன்னனான். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, பிள்ளை மாதிரிக்கு இல்லை. பிள்ளைக்குப் பக்கத்திலை அம்மா இருந்தவ, பிள்ளை மாதிரி தன்ரை அம்மாவைத் திரும்பப் பாக்கவே இல்லை எண்டு. மனிசி சிரிச்சுப்போட்டு, ‘இவளுக்கு எப்பவும் பகிடிதான்’ எண்டா.”

அக்கா பணம் கேட்கவில்லை. ரீச்சர் அன்ரி தன் காலில் விழவேண்டும் என்றும் கேட்கவில்லை. கேட்டது ஒரே ஒரு வரி. வருடாவருடம் அந்த ஞாயிறுப் பூசையில் வாசிக்கும் மன்றாட்டுகளை எழுதுவது நான் என்பதால் என்னிடம் வந்தார். “ஒரு வரி போடுங்கோ தங்கச்சி. பீடத்திலை இருந்து ஒருக்கா சத்தமா வாசிச்சாக் காணும், அது போதும் எனக்கு.” எழுதினேன்: ‘எங்கள் சொந்த வீடுகளில் நாங்கள் வேலைக்கு வைத்திருந்த குழந்தைகளுக்காகவும், அவர்களிடம் நாங்கள் இன்னும் கேட்காத மன்னிப்புக்காகவும் மன்றாடுவோம்.’ கோயில் சபைத் தலைவர் அதன் குறுக்கே கோடு போட்டார். “அது ஊர்க் கதை தங்கச்சி. அந்தக் காலத்திலை எல்லா வீட்டிலையும் வச்சிருந்தவை. சனம் மனம் நோகும்.” அடுத்த வருடமும் எழுதினேன், அடுத்த வருடமும் கோடு விழுந்தது. சனத்தின் மனம் அவ்வளவு மென்மை. செங்கல் சுமந்த பிள்ளைக்கு உருகிய அதே மனம்தான்.

தொண்டு நிறுவனத்துப் பெண்ணிடமும் போய்ப் பார்த்தேன். கண் கலங்கக் கேட்டார். அக்கா தங்கள் வீடியோவில் வந்து பேசுவாரா என்று விசாரித்தார். மன்றாட்டு வரியைப் பற்றிக் கேட்டதும், அது உங்கள் சமூகத்துக்குள் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம், நாங்கள் தலையிடுவது மரியாதையாக இருக்காது என்றார். வந்து அக்காவிடம் சொன்னேன். “என்ரை கண்ணீர் வேணும், என்ரை கேள்வி வேண்டாம். விடுங்கோ, எனக்கு பஸ் இருக்கு” என்று சாவியை எடுத்தார்.

சொந்தம் என்று இங்கே ஒருவரும் இல்லாததால் அடக்கத்தைக் கோயிலே பொறுப்பெடுத்தது. மன்றாட்டு எழுதும் வேலை வழக்கம்போல எனக்கு வந்தது. இம்முறை நான் அதை ஒருவருக்கும் காட்டவில்லை. பீடத்தில் நின்று, பெட்டியைப் பார்த்தபடி, அந்த வரியைச் சத்தமாக வாசித்தேன். கோயில் அதிர்ந்தது, தலைகள் குனிந்தன என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னீர்கள். மற்ற வரிகளுக்குச் சொன்னது போலவே சொன்னீர்கள். முன்வரிசையில் ரீச்சர் அன்ரியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கணீரென்று கேட்டது. ஆண்டவர் கேட்டாரோ தெரியாது, நீங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். ரீச்சர் அன்ரி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “நல்லா வாசிச்சனீர். பாவம், எங்கட பிள்ளை மாதிரி இருந்தவள்” என்றார். சொல்லிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், குடித்து முடித்த கோப்பையை என் பக்கம் நீட்டினார். வாங்குவதற்கு ஒரு கை எப்போதும் அங்கே இருக்கும் என்று பழகிய நீட்டல் அது. நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

“உங்கட கோப்பை அன்ரி. நீங்களே கழுவுங்கோ.”

முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். நீட்டிய கோப்பை அந்தரத்தில் நின்றது. முகம் கறுத்துப்போய், “நீரும் அவள் மாதிரியே கதைக்கிறீர்” என்றார்.

ஆரோக்கியம் அக்காவை ‘மாதிரி’ என்ற அந்தச் சொல் வாழ்நாளெல்லாம் சுட்டது. அவர் நினைவாக என்னிடம் இருக்கப்போவதும் அதுதான். அந்த ஒரு ‘மாதிரி’யை மட்டும் நான் யாருக்கும் திருப்பிக் கொடுக்கமாட்டேன்.