முதுகுக்குப் பின்னால் எஞ்சின்

அந்தக் கார் வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் பல காரியங்கள் இப்படித்தான் நடந்திருக்கின்றன, கல்யாணம் உட்பட.

நான் நிட்டிங் மிஷின் ஃபிட்டர். பனியன் துணி பின்னுகிற வட்ட மிஷின் எங்கே நின்றுபோனாலும் கூப்பிடுவார்கள். போவேன், ஊசியை மாற்றுவேன், ஓட வைத்துவிட்டு டீ வருவதற்குள் கிளம்பிவிடுவேன். டீ குடித்தால் பேச வேண்டியிருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டதால் மிஷினோடு வருகிற வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுத்துப் பக்கம் போவதில்லை. படத்தையும் அம்புக்குறியையும் நம்பரையும் பார்ப்பேன். இதுவரை எந்த மிஷினும் என்னிடம் படிப்பைக் கேட்டதில்லை.

இருபது வருடமாக நான் போய்வந்த ஒரு கம்பெனியின் பழைய ஷெட்டைக் காலி செய்தார்கள். அதன் மூலையில், சாயம் போடாத துணியால் மூடி, ஒரு கார் நின்றது. முதலாளியின் காலமான அண்ணன் இளவயதில் கோயமுத்தூரில் ரேஸ் ஓட்டும் ஆளிடம் வாங்கியது. வெளிநாட்டு வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம். உயரம் என் இடுப்பு வரைக்கும்தான். மிஷின்களை எல்லாம் லாரியில் ஏற்றி முடித்ததும் முதலாளி என்னைப் பார்த்து, "ஏப்பா, இதைய நீ எடுத்துக்கறயா?" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் ஆர்.சி. புத்தகத்தைத் தேடப் போய்விட்டார்.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த இருபது வருடமும் சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாதபோது அந்தத் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை உள்ளே ஏறியும் உட்கார்ந்தேன். தரையோடு தரையான சீட் என்பதால் வெளியே வருவதற்குக் கால் மணி நேரம் ஆனது.

மறுநாள் கார் எங்கள் வீட்டு போர்டிகோவில் வந்து இறங்கியது. அது என் போர்டிகோ இல்லை. என் மனைவி அங்கே நான்கு பெண்களை வைத்து பீஸ் செக்கிங் செய்துகொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து தைத்த பனியன் கட்டுக்கட்டாக வரும். அதில் தொங்குகிற நூல் பிசிறை வெட்டி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, மடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கார் வந்ததும் பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தார்கள். மனைவி காரின் முன் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு ஸ்டெப்னி டயர் இருந்தது.

"எஞ்சினே இல்லாத காரை உங்க தலைல கட்டியுட்டாங்க. நீங்களும் வாயே தொறக்காம வாங்கீட்டு வந்துட்டீங்க."

நான் போய்ப் பின்மூடியைத் திறந்தேன். அங்கே துணிப்பை வைக்கிற அளவுக்கு ஒரு பெட்டி. பெண்கள் சிரித்தார்கள். அப்புறம்தான் சீட்டுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் இருந்த தகட்டைத் தூக்கி எஞ்சினைக் காட்டினேன். ஓட்டுகிற ஆளின் முதுகுக்குப் பின்னால் அது இருக்கும். கதவுக்குப் பின்னால் பக்கவாட்டில் மீன் செவுள் மாதிரி ஓர் ஓட்டை. அதன் வழியாகத்தான் எஞ்சின் மூச்சு விடும். பெண்களில் மூத்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது மாசமா இருக்குதாட்ட இருக்குது சாமி" என்றார். அன்றிலிருந்து தெருவில் போகிறவர்கள் எல்லாம் காருக்கு எத்தனையாவது மாதம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வேன்.

இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் படுத்திருந்தேன். படம் போட்ட ஒரு புத்தகம் டாஷ்போர்டு பெட்டிக்குள்ளேயே கிடைத்தது. போர்டிகோ உத்திரத்தில் செயின் பிளாக்கைக் கட்டி எஞ்சினைத் தூக்கி இறக்கினேன். எங்கள் ஊரில் எந்த ஓட்டையைக் கண்டாலும் பனியன் வெட்டி மிஞ்சுகிற வேஸ்ட் துணியை வைத்து அடைப்போம். தண்ணீர் பைப், எலிப் பொந்து, மழை ஒழுகுகிற ஜன்னல் எல்லாவற்றுக்கும் அதுதான். எஞ்சினில் பதினோரு ஓட்டை. பதினொன்றிலும் வேஸ்ட்டை அடைத்து, எஞ்சினைத் திரும்பப் பூட்டும்போது பதினொன்றையும் எண்ணி எடுத்தேன். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

பெயின்ட் அடிக்கும் நாளில் சிவப்பு என்று நான் முடிவு செய்திருந்தேன். எந்தச் சிவப்பு என்பதைப் பெண்கள் முடிவு செய்தார்கள். ஷேடு கார்டைக் கொண்டுவந்து டியூப் லைட்டில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை வைத்துப் பார்த்து, பெயின்டர் கொண்டுவந்த டப்பாவை இரண்டு ஷேடு டல் என்று ரிஜெக்ட் செய்தார்கள். அவர் வேறு டப்பா வாங்கி வந்தார்.

கஷ்டம் கொடுத்தது தரைத் தகடுதான். கால் வைக்கும் இடம் இரண்டு பக்கமும் துருவேறி, கீழே ரோடு தெரிந்தது. பனியன் வெட்ட அட்டையில் பேட்டர்ன் எடுப்பார்களே, அதே மாதிரி பழுப்பு அட்டையில் அளவு வெட்டிக்கொண்டு அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறைக்குப் போனேன். இது காருக்கு என்று சொன்னால் எந்தக் கார், யார் கொடுத்தது என்றெல்லாம் பேச்சு நீளும். அதனால் அட்டையை மட்டும் நீட்டினேன். பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சீருக்கு வைக்கிற தாம்பாளமா என்று கேட்டார். தலையாட்டினேன். நல்ல கனமான எவர்சில்வர் தகட்டில் ஓரம் மடித்து, என் வாழ்நாளில் நான் பார்த்த மிக அழகான இரண்டு தரைத் தகடுகளைச் செய்து வைத்திருந்தார். பேர் வெட்டிவிடலாமா என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். என்ன பேர் என்று கேட்டார். இதற்குத் தலையாட்ட முடியாது. எங்கள் வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் என் மனைவியின் பேர்தான் இருக்கிறது. அதுவே வாயில் வந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு தகட்டின் நடுவிலும் பெரிய எழுத்தில் அவள் பேர், சுற்றிலும் ஒரு பூங்கொடி. பெண்கள் பார்த்தால் அடுத்த பத்து வருடத்துக்குப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அதனால் எழுத்து ரோட்டைப் பார்க்கிற மாதிரி தலைகீழாகப் பொருத்தி, மேலே மிதியடி போட்டுவிட்டேன்.

இதற்குள் மனைவிக்குப் பெரிய கம்பெனியிலிருந்து நிரந்தரமாக பீஸ் தருவதாக ஆள் அனுப்பினார்கள். திங்கட்கிழமை முதல் பத்துப் பெண்கள் உட்கார வேண்டும். வாசலில் வெயில், மழை, நாய் என்று இரண்டு வருடம் ஞாயிறுதோறும் ஏசிக்கொண்டே பொறுத்துக்கொண்டவள் அப்போதுதான் கணக்காகச் சொன்னாள். தெருமுனையில் ஒரு காலி சைட் இருக்கிறது. கார் காலை எட்டு மணிக்கு அங்கே போக வேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வர வேண்டும், எல்லா வேலைக்காரர்களையும் போல. தினமும் தள்ளிக்கொண்டு போக ஆள் இல்லை, அதனால் தானாகவே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் ஓடினால் பூஜை. ஓடாவிட்டால் பழைய இரும்பு.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமே வந்துவிட்டார்கள். முருகன் கோயில் பண்டாரம் தேங்காய் பழத்தட்டோடு ஒரு பக்கம் நின்றார். பழைய இரும்புக்காரர் டெம்போவோடு இன்னொரு பக்கம் நின்றார். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊரோடு தங்கிவிட்டவர். ஒருவரை ஒருவர் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டார்கள்.

பண்டாரம் எஞ்சினுக்குச் சந்தனம் வைப்பதற்காக முன் மூடியைத் தூக்கினார். டயரைப் பார்த்தார். என்னைப் பாவமாகப் பார்த்தார். பிறகு அந்த டயருக்கே சந்தனமும் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டிவிட்டார். இரும்புக்காரரும் தன் பங்குக்கு முன்னாலும் பின்னாலும் திறந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் வெறும் பொட்டியா இருக்கே. எடை எங்க நிக்கும்?"

சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நான் உள்ளே இறங்கி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, இருமியது, நின்றது. மறுபடி சுற்றியது, இருமியது, நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். பெட்ரோல் வருகிறது. நெருப்பு வருகிறது. ஆனாலும் தொண்டையைப் பிடித்த மாதிரி இருமிவிட்டு நின்றுவிடும். பதினொன்றே முக்காலுக்கு பேட்டரி ஓய்ந்தது. இரும்புக்காரர் பெரிய மனதோடு தன் டெம்போ பேட்டரியில் ஒயர் போட்டுக் கொடுத்தார். அதிலும் இருமியது, அவ்வளவுதான். பண்டாரத்துக்கு இன்னொரு வீட்டில் கிரகப்பிரவேசம். தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு மணி பார்த்தார்.

பன்னிரண்டு மணிக்கு மனைவி என்னைப் பார்க்காமல் இரும்புக்காரரிடம், "எடுத்துக்குங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

நான் குழாயடிக்குப் போய்க் கை கழுவினேன். கிரீஸ் எல்லாம் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அது தொண்டை வரைக்கும் வந்தது. எஞ்சின் மாதிரியே நானும் இருமிவிட்டு நின்றுவிட்டேன்.

இரும்புக்காரர் சங்கிலி மாட்டுவதற்காக வண்டிக்கு அடியில் போனார். பிறகு அடியிலிருந்தே கேட்டார்.

"மதினி, அடியில பேரு வெட்டிருக்கு. இது ஒங்க பேருல்லா?"

மனைவி முதலில் நம்பவில்லை. அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். பூங்கொடி இருப்பதையும் சொன்னார். அந்தப் பக்கத்துத் தகட்டிலும் இருப்பதைச் சொன்னார். பெண்கள் நான்கு பேரும் பாயை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். கடைசியில் மனைவியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் கன்னம் வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் மண் ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, என்ற பேரை எதுக்கு வெட்டி வெச்சீங்க?"

"பட்டறைக்காரரு கேட்டாரு. சொன்னேன்."

இதைவிட நல்ல பதில் இருந்திருக்கும். பெண்களில் மூத்தவர் முந்தானையில் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். ஆனால் மனைவி சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் பேர் வெட்டிய பாத்திரம் அடி ஓட்டையானாலும் பரண் மேல் போகுமே தவிர இரும்புக் கடைக்குப் போகாது. இரும்புக்காரருக்கும் அது தெரியும். அவரே சங்கிலியைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.

"என்ற பேரு வெட்டுன சாமானைப் பழைய இரும்புக்குப் போட்டா எங்கம்மா ஊட்டுல காறித் துப்புவாங்க. நீங்க போங்கண்ணா" என்றாள்.

கார் பிழைத்துவிட்டது. ஆனால் நாளைக் காலை பத்துப் பெண்கள் எங்கே உட்காருவார்கள் என்பது அப்படியே நின்றது. அவள் கொஞ்ச நேரம் அந்தக் காரையே பார்த்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அதைத் தன்னுடைய சாமானாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் உடனே செக்கிங் பார்க்க ஆரம்பித்தாள். பனியனைப் பார்க்கிற அதே வரிசைதான். முதலில் கழுத்து, பிறகு தோள், பிறகு பக்கத் தையல். கையால் தடவிக்கொண்டே போனவள் இடது கதவுக்குப் பின்னால், அந்தச் செவுள் ஓட்டையருகே நின்றாள்.

ஒரு நூல் தொங்கியது. அரை விரல் நீளம்தான் இருக்கும். இரண்டு வருடமாக வண்டியோடு வாழ்ந்த என் கண்ணுக்கு அது படவே இல்லை. அவள் கழுத்தில் தொங்கிய சின்னக் கத்தரியை எடுத்தாள். ஆனால் வெட்டவில்லை. பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், எந்த நூலையும் வெட்டுவதற்கு முன் லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான். சும்மா பிசிறா, உள்ளே தையலோடு போகிற நூலா என்று தெரியாமல் வெட்டினால் பீஸ் போய்விடும்.

இழுத்தாள். நூல் வந்தது. இன்னும் இழுத்தாள். நூலுக்குப் பின்னால் ஒரு கிழிசல் நுனி வந்தது, பிறகு ஒரு முழுப் பனியன் கை, பிறகு காலர் பட்டி, அதன் பின்னால் முழங்கை நீளத்துக்கு மஞ்சள் துணி. பெயின்ட் உள்ளே போகாமல் இருக்க ஸ்பிரே அடிக்கும் முன் நானே அடைத்தது. எஞ்சினில் இருந்த பதினொன்றை எண்ணி எடுத்தேன். இது பாடியில் இருந்த ஓட்டை. கணக்கில் வரவில்லை. கடைசித் துண்டு வந்ததும் அவள் எல்லாவற்றையும் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

"இப்பப் பாருங்க" என்றாள்.

இரும்புக்காரர் மறுபடி ஒயர் போட்டார். சாவியைத் திருப்பினேன். ஒரு தடவை இருமியது. அப்புறம் என் பிடரிக்குப் பின்னால் அது கத்திய கத்தில் பண்டாரம் மணி பார்ப்பதை விட்டுவிட்டு அங்கேயே தேங்காயை உடைத்தார்.

மனைவிக்காக இடது கதவைத் திறந்து வைத்தேன். பாயில் உட்காருவது போலக் கையை ஊன்றி இறங்கி உட்கார்ந்தாள். மிதியடியைத் தூக்கிக் கீழே பார்த்தாள். இந்தப் பக்கம் வழவழவென்று ஒன்றும் இல்லாமல் இருந்தது. எலுமிச்சம்பழம் நான்கும் நசுங்கின. தெருவில் இருந்த பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் ஓடி வந்தார்கள். இரண்டாவது கியர் போடுவதற்குள் காலி சைட் வந்துவிட்டது.

எஞ்சினை நிறுத்தினேன். இறங்கப் பார்த்தோம். இரண்டு பேராலும் முடியவில்லை. வெளியே கூட்டம் நின்று பார்க்கும்போது முட்டி போட்டு ஊர்ந்து வர அவளுக்குக் கூச்சம். எனக்குக் கேட்கவே வேண்டாம். கூட்டம் கலையட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். முதுகு சுட்டது. வேறு வழியில்லாமல் அவளிடம் அந்த இருபது வருடத்தைச் சொன்னேன், சாப்பாட்டு நேரத்தில் துணியைத் தூக்கிப் பார்த்ததை எல்லாம்.

அவள் முந்தானையால் முகத்தில் இருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இதைய அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஒவ்வொரு நாயித்துக்கெழமையும் உங்களைய ஏசீருக்க மாட்டேனே" என்றாள். பிறகு, "ஏசியிருப்பேன். கொஞ்சம் கம்மியா" என்றாள்.

இப்போது கார் காலை எட்டு மணிக்குக் கிளம்பி சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்புகிறது. பத்துப் பெண்கள் போர்டிகோவில் உட்காருகிறார்கள். நான் சாவியோடு வந்தாலும் உடனே எடுக்க முடியாது. மனைவி கத்தரியோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்து, செவுள் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவாள். அதற்குப் பிறகு ஒரு நூல்கூட அகப்பட்டதில்லை. ஆனாலும் பீஸ் செக்கிங் ஆகாமல் வெளியே போகக் கூடாது.