எக்ஸ்ரே படத்தில் மாடு தேடியவர்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்கள் யோசித்தேன். பேனையை எடுப்பேன். அம்மனுக்குத் தொண்டு செய்கிற மனிதரைக் குறை சொன்னால் அது அம்மனையே சொன்னதாகிவிடுமோ என்று பயந்து வைத்துவிடுவேன். அதோடு அந்த மனிதர் என் மனைவியின் தாய்மாமன், எங்கள் கோயில் வண்ணக்கர். கோயிற் காரியம் எல்லாம் அவர் சொற்படிதான். நானோ கலியாணம் முடித்து அந்த ஊருக்கு வந்தவன். வந்த மாப்பிள்ளை வாய் திறந்தால் ஊரில் உள்ள அத்தனை பேரும் அவனுக்கு மாமனாகிவிடுவார்கள்.

வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்திப் பொங்கலுக்கு, விரதமிருந்த பெண்கள் கோயில் வளவிலேயே நெல்லுக் குத்துவார்கள். எங்கள் குடியில் அந்த உலக்கை தாய்வழியாக வருவது. என் மனைவிக்கு அது அவளுடைய தாயின் இடம். நகையை விற்கச் சொன்னால் விற்பாள், அந்த இடத்தை விடமாட்டாள்.

ஒரு அறுவடைக்கு வயல் வட்டையிலிருந்து திரும்பும்போது அவள் உழவு மெசின் இழுத்து வந்த பெட்டியிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. தகடு வைத்தும் நடுவில் ஒரு இடைவெளி பொருந்தவே இல்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் எங்களை இருத்தி விளங்கப்படுத்தினார். வண்ணக்கர் மாமாவும் கட்டிலடியில் நின்றார்.

"பேக்கரிப் பாணை வெட்டினா உள்ளுக்கு ஓட்டை ஓட்டையா இரிக்கும்தானே அம்மா, அப்பிடி ஒரு கட்டி. அத இடைவெளிக்குள்ள வைப்பம். உங்கட எலும்பு அந்த ஓட்டைகளுக்குள்ள புகுந்து வளரும். வளர வளரக் கட்டி கரைஞ்சு போயிரும். கடைசியில உங்கட எலும்புதான் மிச்சம்."

எலும்பில் உள்ளது போன்ற சுண்ணாம்புச் சத்தும், மாட்டுத்தோலிலிருந்து எடுத்த ஒரு பசையும் சேர்ந்தது அந்தக் கட்டி என்றும், சமயப்படி மறுப்பிருந்தால் சொல்லுங்கள் என்றும் அவர் மரியாதையாகக் கேட்டார்.

"மாட்டுப்பால் குடிச்சு வளந்த உடம்பு ஐயா. வைங்க" என்றாள் மனைவி.

டொக்டர் அவ்வளவு நேரம் சொன்னதில் மாமாவின் காதுக்குள் போனது ஒரே ஒரு மாடுதான். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் பசை எலும்பாகிவிட்டது. நாங்கள் வீடு வருவதற்குள் அவளுக்கு முழுக் காலே மாட்டுக்கால் ஆகிவிட்டது. பார்க்க வந்த சனம் முகத்தைப் பார்க்கவில்லை, போர்வைக்குள் குளம்பு தெரிகிறதா என்றுதான் பார்த்தது.

அந்த வைகாசியில் உலக்கை வேறு கைக்குப் போனது. "கோயிலுக்கு ஆகாத துடக்குப் போல ஒண்டுதான் புள்ள, குறை நினைக்காத" என்றார் மாமா. ஊன்றுகோலோடு வேலிக்கு வெளியே நின்று உலக்கைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்து அன்று அவள் சாப்பிடவில்லை.

அடுத்த வருடம் கோலை எறிந்துவிட்டு நடந்தே கோயிலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"அது கரைஞ்சிட்டுதெண்டதுக்கு என்ன அத்தாட்சி மருமகன்?" என்று மாமா என்னைக் கேட்டார்.

கொண்டுபோன எக்ஸ்ரே படத்தைக் கொடுத்தேன். மாமாவும் இன்னும் இரண்டு பெரியவர்களும் அதை வெயிலுக்கு நேரே பிடித்தார்கள். ஒருவர் தலைகீழாகத் திருப்பினார், கொம்பைத் தேடினாரோ என்னவோ.

"இதில மாடு எது?"

"மாடு இல்ல மாமா. எல்லாம் இவட எலும்புதான்."

"எங்களுக்கென்ன தெரியும்? உள்ளுக்கு ஒளிச்சுக் கிடந்தா?"

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "மாமா, அந்தா கிடக்கிற பறைமேளத்துக்கு என்ன தோல் போட்டிரிக்கி? வாழைத்தோலா?"

மேளக்காரர் குனிந்துகொண்டு சிரித்தார்.

"அது வெளியில அடிக்கிற சாமான் புள்ள. இது உள்ளுக்கல்லோ!"

"உள்ளுக்கு இரிக்கிறத அம்மன் பாத்துக் கொள்ளுவா. நீங்க உலக்கையத் தாங்க."

மாமா பெரியவர்களைப் பார்த்தார். பெரியவர்கள் படத்தைப் பார்த்தார்கள். கடைசியில், "சரி, அம்மன் மன்னிச்சிட்டா" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். எதை மன்னித்தாள்? உழவு மெசினிலிருந்து விழுந்ததையா?

அவள் உலக்கையை வாங்கி நெல்லுக் குத்தினாள். கால் தாங்கியது. நான் வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். அதை மறைக்கப் போவதில்லை.

அத்தோடு விட்டார்களா? பொங்கல் முடிந்ததும் மாமா ஒலிபெருக்கியைப் பிடித்து, தன் மருமகளின் காலில் வைத்த மாட்டெலும்பு அம்மனின் அருளால் மாயமாக மறைந்துவிட்டது என்று அறிவித்தார். சனம் கை கூப்பியது. போன வருடம் துடக்கு, இந்த வருடம் அற்புதம்! இப்போது வாவிக்கு அக்கரையிலிருந்தும் ஆட்கள் வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிடப் பார்க்கிறார்கள். அவள் கூசிப்போய் அடுப்படிக்குள் ஓடுகிறாள்.

நான் அம்மனை நம்புகிறவன். ஓட்டைக்குள்ளும் புகுந்து வளரும் எலும்பைப் படைத்தவள் அவள்தான். அவளுக்கு மாமாவின் பொய் தேவையில்லை. ஆகவே இதை வாசிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். மாட்டெலும்பு என்று ஒரு சொல் கூட்ட வேண்டாம், அற்புதம் என்றும் கூட்ட வேண்டாம். அவள் தன் சொந்தக் காலில் நின்று நெல்லுக் குத்தினாள் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.