கண் வழியாக வந்த தும்மல்

இன்று செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் போகும் பஸ்ஸில், பக்கத்துச் சீட்டு மீன்காரர் மூக்குப்பொடி போட்டார். தும்மல் வந்தது. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தும்மினார்.

புஸ்ஸென்று அவர் கண் ஓரத்திலிருந்து காற்றும் கண்ணீருமாய்க் குமிழி கிளம்பியது!

நான் அலறி எழுந்துவிட்டேன். கண்டக்டர் விசில் ஊத மறந்தார்.

"இன்னா சார், பயந்துட்டியா? கண்ணுல எந்நேரமும் தண்ணி வழிஞ்சிகினே இருந்துச்சி. ஆப்ரேசன் பண்ணி மூக்குக்கு வழி வுட்டாங்க."

"அதுல காத்து மேல வருதே!"

"அதான் பேஜாரு. காத்து பட்டா கண்ணுல கீற ஈரம் காஞ்சி, மணல் வுழுந்தாப்ல உறுத்துது. மூக்கப் புடிச்சிகினு தும்மாதேன்னாரு டாக்டரு."

"அப்புறம் ஏன்யா பிடிச்சீங்க?"

"உன் வேட்டி வெள்ளையா கீதே சார்!"

இனி அழுக்கு வேட்டியில்தான் பஸ் ஏறுவேன். நீங்கள் எப்படி?