கம்பத்துக்கு மேலால போன பந்து

முதலே சொல்லிப் போடுறன். எனக்கு அவனில பொறாமை. முப்பத்தொரு வயசு, தாடி வைச்ச ஆம்பிளை, மாமி மகனைப் பாத்து வயிறெரிஞ்சு கொண்டு திரிஞ்சனான். சொல்ல வெக்கமாத்தான் கிடக்கு. ஆனா பொய் சொல்லி என்னத்தைக் காணப் போறன்?

அவன் அப்பான்ர தங்கச்சியின்ர மகன், மெல்பேர்ணில பிறந்து வளந்தவன். வேலை செய்யிற கொம்பனி அவனை ஒரு வருசத்துக்குச் சூரிச்சுக்கு அனுப்பினது. "வீடு கிடைக்குமட்டும் எங்களோட இருக்கட்டும்" எண்டு அப்பா சொன்னவர். வீடும் கிடைக்கேல்ல, அவன் தேடினதாயும் நான் காணேல்ல. ஓல்டனில எங்களுக்கு ஒரு சின்ன வீடு. என்ர அறை அவனுக்கு, ஹோலில கிடந்த சோபா எனக்கு. சோபா என்னைவிட ஒரு சாண் நீளம் குறைவு. அதையும் ஆரும் கேக்கேல்ல.

இடத்துக்காக நான் எரியேல்ல. அப்பாவுக்காகத்தான் எரிஞ்சனான். அப்பா லுசேர்ணில ஒரு ஹோட்டல் குசினியில நிக்கிறார். கோப்பை கழுவத் தொடங்கினவர், இப்ப மரக்கறி வெட்டுறதும் சலாட் பாக்கிறதும் அவர்தான். வேலையால வந்தால் சுடுதண்ணியில காலை வைச்சுக் கொண்டு ரீவியைப் பாப்பார். நான் ஏதும் கேட்டால் "ஓம்", "இல்ல", "அம்மாட்டக் கேள்." இவ்வளவுதான் எனக்கும் அவருக்கும் உள்ள கதை. இவன் வந்தாப் பிறகு அதே மனுசன் வாய் மூடாமல் கதைக்கிறார். "மருமோன் வந்திட்டானோ? மருமோன் சாப்பிட்டவனோ?" மழை பெய்தால் குடையோட ஸ்டேசனுக்குப் போய் நிக்கிறார். நான் எத்தினை வருசம் மழையில நனைஞ்சு வந்தனான், ஒருக்காக் குடை பிடிச்சிருப்பாரோ? பிடிக்கேல்ல!

எங்கட வீட்டில ஆட்டுக்கறி எண்டால் சனி இல்லாட்டி ஞாயிறுதான். கறிக்குள்ள கிடக்கிற நல்லி எலும்பை அப்பா தன்ர கையாலதான் எடுத்து வைப்பார். சின்னனில இருந்து அது எனக்குத்தான். இப்ப கேட்டுக் கேள்வி இல்லாமல் மருமோன்ர கோப்பைக்குப் போகுது. மருமகன் எண்டால் அப்பிடித்தான், முறை அதுதான் எண்டு அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினவ. முறையாம்! எலும்பை உறிஞ்சி அவன் ஒரு சத்தம் போடுவான் பாருங்கோ, எனக்குத் தலை வெடிக்கும்.

சரி, பந்துக் கதைக்கு வாறன். நான் ஓல்டனில ஒரு சாமான் கிடங்கில வேலை. அங்க என்னோட நிண்ட ஐரிஷ்காரன் ஒருத்தன் ஆறு வருசத்துக்கு முதல் என்னைத் தங்கட கேலிக் ரீமுக்கு இழுத்துக் கொண்டு போனவன். கேலிக் எண்டது ஐரிஷ்காரற்ர உதைபந்து. கையாலயும் பிடிக்கலாம், காலாலயும் அடிக்கலாம். நான் பள்ளிக்கூடத்தில கோல்கீப்பரா நிண்டவன் எண்டதால என்னைக் கோலுக்குள்ள விட்டாங்கள். முதல் ரெண்டு வருசம் விளையாட விடாமல் கோட்டுக்கு வெளியில வாங்கில இருந்து வாங்கையே தேய்ச்சனான். பேந்துதான் இடம் கிடைச்சது. முதல் மட்ச்சுக்கு அப்பாவை வரச் சொல்லிக் கேட்டனான். "சனிக்கிழமையோ? எனக்கு ஃப்ரை இல்லயடா" எண்டவர். லீவுக்கு இஞ்ச எங்கட ஆக்கள் ஃப்ரை எண்டுதான் சொல்லுறது. அதுக்குப் பிறகு நான் கேக்கேல்ல. எனக்கும் ரோசம் இருக்குத்தானே.

சூரிச்சில அவுஸ்திரேலியாக்காரருக்கும் ஒரு ரீம் இருக்கு. அவையின்ர விளையாட்டில பந்து முட்டை மாதிரி. வருசத்தில ஒருக்கா அவையும் நாங்களும் கலப்பு விதியில ஒரு மட்ச் அடிக்கிறது. பந்து எங்கட உருண்டைப் பந்து. ஆளைக் கட்டிப் பிடிச்சு விழுத்துறது அவையின்ர பழக்கம். தூரத்தில இருந்து உதைச்ச பந்தை நிலத்தில படாமல் பிடிச்சால் மறிப்பில்லாமல் நிண்டு அடிக்கலாம், அதுவும் அவையின்ர. கோல் கம்பம் ரெண்டும் உசரமா மேல போகும், நடுவில ஒரு குறுக்குக் கம்பு, அதுக்குக் கீழ வலை. வலைக்குள்ள அடிச்சால் ஆறு புள்ளி. குறுக்குக் கம்புக்கு மேலால ரெண்டு கம்பத்துக்கும் இடையில போனால் மூண்டு. ரெண்டு பக்கமும் தள்ளி ஒவ்வொரு வெளிக் கம்பம் நிக்கும், அதுக்கும் உள் கம்பத்துக்கும் இடையில போனால் ஒண்டு. இவ்வளவுதான்.

இவன் வந்து ரெண்டாம் கிழமையே அந்த ரீமில சேந்திட்டான். வாங்கும் இல்ல ஒண்டும் இல்ல, நேர நடுவுக்கு! ஆறடி ரெண்டங்குலம். ரெண்டு பேற்ர தலைக்கு மேலால எழும்பிப் பந்தைப் பிடிப்பான், பாத்தால் மாமரத்தில காய் பிடுங்கிற மாதிரி லேசா இருக்கும். நான் ரெண்டு வருசம் மூக்கால அழுது வாங்கின இடத்தை அவன் சிரிச்சுக் கொண்டு வாங்கிப் போட்டான்.

கலப்பு மட்ச்சுக்கு முதல் வியாழக்கிழமை, அப்பா சாப்பிட்டுக் கொண்டிருக்கேக்க சொல்லுறார், "சனிக்கிழமை நான் ஃப்ரை எடுத்திருக்கிறன். மருமோனோட மட்ச் பாக்கப் போறன்."

நாலு வருசம்! நாலு வருசமா எனக்காக எடுக்கேலாத சனிக்கிழமையை, வந்து ஆறு மாசமாகாத இவனுக்காகக் குசினிச் செஃப்பிட்ட கேட்டு வாங்கியிருக்கிறார். நான் எழும்பிப் போய்க் கையைக் கழுவினன். கண்ணாடியில என்ர முகத்தைப் பாக்க எனக்கே பிடிக்கேல்ல.

சனி காலமை நான் எங்கட கப்டன்ர காரில போயிட்டன். அவையள் ரெண்டு பேரும் ரெயினில வந்தவை. புல்லுத்தரை பனியில நனைஞ்சு கிடந்தது. அப்பா நல்ல ஜக்கெற் போட்டுக் கொண்டு, கலியாண வீட்டுக்கு வந்த ஆள் மாதிரித் தலை இழுத்துக் கொண்டு, நேர அவுஸ்திரேலியாக்காரற்ர பக்கம் போய் நிண்டார். அவன்ர பையை அவர்தான் காவிக் கொண்டு நிக்கிறார். எனக்குக் கையைக் காட்டினவர். நான் காணாத மாதிரிக் கையுறையை இழுத்துப் போட்டன்.

மட்ச் தொடங்கிப் பத்து நிமிசத்தில இவன் பந்தைப் பிடிச்சான், நிண்டான், அடிச்சான். நான் எட்டிப் பாத்தன், எட்டேல்ல. கம்புக்கு மேலால போட்டுது. மூண்டு புள்ளி. கோட்டுக்கு வெளியில ஒரு கைதட்டல் கேக்குது. ஆர்? எங்கட அப்பா! பையைக் கீழ வைச்சுப் போட்டு ரெண்டு கையாலயும் தட்டுறார்.

பிறகு பாத்தால் அவன் அடிக்க அடிக்க அப்பா தட்டுறார். அவன்ர கூட்டாளிமார் அடிச்சாலும் தட்டுறார். எங்கட பெடியள் அந்தப் பக்கம் மேலால அடிக்கேக்க கையைக் கட்டிக் கொண்டு நிக்கிறார், ஒருக்காத் தலையையும் ஆட்டினவர், பிழைச்சுப் போச்சு எண்ட மாதிரி. எங்கட ஆள் ஒருத்தன் வலைக்குள்ள ஒண்டு போட்டதுக்கு மட்டும் தட்டினவர். சரி, மரியாதைக்குத் தட்டுறாராக்கும் எண்டு நினைச்சன். எனக்குப் பத்திக் கொண்டு வந்தது. பெத்த பிள்ளை கோலுக்குள்ள நிக்கிறான், அவனுக்கு மேலால பந்து போகப் போகத் தகப்பன் கைதட்டுறார். உலகத்தில எங்கயாவது நடக்குமோ இது? மூக்கு ஒழுகிறதைக் கூடத் துடைக்க மறந்து போய் நிண்டனான்.

கடைசி நிமிசம். நாங்கள் ரெண்டு புள்ளி முன்னுக்கு. இவன் ரெண்டு பேரை உதறிப் போட்டு எனக்கு நேர வாறான். வலையைப் பாத்து அடிச்சான். அடி எண்டால் அடி! நான் ஆரையும் யோசிக்கேல்ல, பாஞ்சன். நடுவிரல் நுனி பட்டது. பந்து எழும்பிக் கம்பில தொட்டு அங்கால விழுந்தது. வலைக்குள்ள போகேல்ல. ஆனா கம்புக்கு மேலால போட்டுது. விரல் பட்டுப் போனாலும் மூண்டு மூண்டுதான். நடுவர் விசில் ஊதினார். ஒரு புள்ளியில தோத்தம்.

நான் சேத்துக்குள்ள முகம் குப்புறக் கிடந்து தலையைத் தூக்கிப் பாக்கிறன். அப்பா துள்ளுறார். என்ர அப்பா, காலில வருத்தம் எண்டு படி ஏறமாட்டாத மனுசன், ரெண்டு கையையும் மேல தூக்கிக் கொண்டு நிண்ட இடத்தில துள்ளுறார். பக்கத்தில நிண்ட அவுஸ்திரேலியாக்காரன் ஒருத்தன் அவரைக் கட்டிப் பிடிச்சுத் தூக்கினான். இவன் வந்து "மச்சான், என்ன பிடி அது!" எண்டு எனக்குக் கையை நீட்டினவன். நான் குடுக்கேல்ல. சேறு பிரண்ட கையெண்டு சாட்டுச் சொல்லிப் போட்டுக் காருக்குப் போனன்.

மத்தியானம் வீட்டில ஆட்டுக்கறி. மேசையில நாலு பேரும் இருக்கிறம். அப்பா அகப்பையை விட்டுக் கிளறி நல்லி எலும்பைத் தேடி எடுத்தார். எடுத்து அவன்ர கோப்பையில வைச்சார்.

என்னால ஏலாமல் போச்சு. "வையுங்கோ, வையுங்கோ! அவனுக்கே வையுங்கோ! வெண்டவன் அவன்தானே!" எண்டு கத்திப் போட்டன். அம்மா "என்னடா விசரா?" எண்டவ. அப்பா அகப்பையோட என்னைப் பாத்துக் கொண்டு நிக்கிறார்.

"ஆர் வெண்டது? அவனோ? நீங்களெல்லோ வெண்டது. ஒண்டுக்குச் சைபர்."

"என்ன சைபர்?"

"உங்கட ஆள் ஒண்டு வலைக்குள்ள போட்டவன். அவங்கள் ஒண்டும் போடேல்ல. நீ ஒண்டும் உள்ளுக்க விடேல்லயேடா! அத்தினை பந்தையும் மேலால அனுப்பிப் போட்டாய். நான் எண்ணினனான், பதினொண்டு. கடைசிப் பந்து, கடவுளே, எனக்கு நெஞ்சு நிண்டு போச்சு. அதையும் தட்டி மேலால விட்டாய் பார்! பாவம் இவன், ரெயினில ஒரு கதை இல்ல. பதினொரு தரம் வந்தும் ஒண்டும் போகேல்ல எண்டால் பெடியனுக்குக் கவலை இருக்கும்தானே. அதுதான் எலும்பை அவனுக்கு வைச்சனான்."

அப்பாவுக்குப் பந்து எண்டால் ரீவியில காட்டுற உதைபந்து ஒண்டுதான். அங்க கம்புக்கு மேலால போற பந்து வீண் பந்து. அந்தக் கணக்கோடதான் மனுசன் ஒன்றரை மணித்தியாலம் நிண்டிருக்கிறார். அவர் தட்டின தட்டெல்லாம் எனக்கு. அவன் எலும்பைக் கையில பிடிச்சபடி என்னைப் பாக்கிறான். அவனுக்கும் அப்பதான் விளங்கினது எண்டு முகத்தில தெரியுது.

அப்பா அதோட விடுவாரோ? போனை எடுத்து மெல்பேர்ணுக்கு அடிச்சார். அங்க படுக்கிற நேரம். ஸ்பீக்கரில போட்டுப் போட்டு, "தங்கச்சி, உன்ர மோன் பதினொரு தரம் அடிச்சவன், என்ர மோன் ஒண்டும் விடேல்ல" எண்டு ஒரே சந்தோசம். "இவன் எனக்கு ஒண்டும் சொல்லுறேல்ல பார். கோலில நிக்கிறான் எண்டு மருமோன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மச்சான் பாயிறதை நீங்கள் ஒருக்கா வந்து பாக்க வேணும் மாமா எண்டு ஒவ்வொரு நாளும் அரிச்சவன். அதாலதான் ஃப்ரை எடுத்தனான்."

எனக்குக் காது சூடாகிப் போச்சு.

மாமி சிரிச்சா. அவ மகன்ர மட்ச் பாத்துப் பாத்தே கிழவியான ஆள். "அதென்னடா அது? ஒண்டும் போகேல்லயோ? உண்மையோடா?" எண்டு மகனைக் கேட்டா. பதினொரு தரத்தில ஏழு தரம் அவன் அடிச்சது. வெண்ட புள்ளியும் அவன்ர. ஒரு சொல்லுச் சொன்னால் காணும், கதை முடிஞ்சுது. நான் மேசை விளிம்பைப் பிடிச்சுக் கொண்டு இருந்தன்.

"ஓம் அம்மா" எண்டான் அவன். "மச்சான் ஒண்டும் உள்ளுக்க விடேல்ல."

சொல்லிப் போட்டு எலும்பைத் தூக்கி வழமையான சத்தத்தோட உறிஞ்சினான். நான் அவன்ர இடத்தில இருந்திருந்தால் அப்பிடிச் சொல்லியிருப்பனோ எண்டு யோசிச்சுப் பாத்தன். சொல்லியிருக்க மாட்டன். என்ர அம்மாவுக்கு முன்னால நான் அடிச்ச ஏழு அடியையும் விட்டுக் குடுத்திருக்கவே மாட்டன். இப்ப எனக்கு அவனில இருக்கிற பொறாமை அதுதான். மற்றதெல்லாம் போட்டுது, இது போகுதில்ல.

அப்பாவுக்கு இண்டைக்கும் தெரியாது. இப்ப மாசத்தில ஒரு சனி ஃப்ரை எடுத்து எங்கட மட்ச்சுக்கு வாறார். என்ர கோலுக்குப் பின்னாலதான் நிப்பார். போன முறை எங்கட கப்டன், எதிராளி மேலால அடிக்கிற நேரமெல்லாம் உன்ர அப்பா ஏன் கைதட்டுறார், அவர் எந்தப் பக்கம் எண்டு கேட்டவன்.

"என்ர பக்கம்" எண்டன்.