தோணியின் பின்பக்கத்தை எனக்குத் தந்தவர்

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். எங்கள் பாடசாலையின் பிரதி அதிபர் இராமையா சேர் இறந்த செய்தி வந்தபோது நான் பதுளை பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். தொலைபேசியில் எங்கள் கணித டீச்சர். "நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்களாம் சேர். வார்ட்டுக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். நான் அடுத்துக் கேட்டது இரங்கல் வார்த்தை அல்ல. "அப்ப செவ்வாய்க்கிழமை தோணியை ஆர் கொண்டு போறது?" அவர் அழுதுகொண்டிருந்தார்.

அவரை அறிந்த உங்களுக்கு அந்தத் தோணியும் தெரியும். மண்சரிவில் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கான பாதை போனபின் அங்குள்ள பிள்ளைகள் பாடசாலைக்கு வரமுடியவில்லை. சுற்றுப்பாதையில் மண் இன்னும் இறங்குகிறது. நடுவில் தோட்டத்து அணைக்கட்டின் தண்ணீர். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியது. எல்ல நகரப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு விடுதியிலிருந்து, இருவர் போகும் பழைய துடுப்புத் தோணியைக் கேட்டு வாங்கி வந்தார் அவர். பிள்ளைகளை அதில் ஏற்றவேண்டாம், நாங்கள் போவோம் என்றார். அக்கரையில், கொழுந்து பறிக்கும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளை மடுவத்தில், தொட்டில் குழந்தைகள் வீட்டுக்குப் போனபின், செவ்வாய்க்கிழமைதோறும் வகுப்பு.

எனக்கும் அவருக்கும் நட்பு இருந்ததாகப் பொய் சொல்லமாட்டேன். பிரதி அதிபர் பதவி எனக்கு வரவேண்டியது. அவருக்குப் போனது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் தோணிக்கு இரண்டாவது ஆள் தேடியபோது ஆசிரியர் அறையில் எல்லோரும் விடைத்தாள்களுக்குள் தலையைப் புதைத்தார்கள். அவர் நேரே என் மேசைக்கு வந்தார்.

"யாழ்ப்பாணத்து ஆளு, கடல பாத்தவரு. வேற யார கூப்பிட?"

"நான் கடலைப் பஸ் யன்னலுக்குள்ளால பாத்த ஆள். உது எனக்குச் சரிவராது."

"பரவாயில்லங்க சேர். நான் அதுகூட பாக்கல."

முதல் நாள் நான் தண்ணீரைக் கொத்தினேன். "இது மம்பட்டி இல்லங்க சேர்" என்றார். மேல்கை துடுப்பின் தலையில், கீழ்க்கை அதன் தட்டையான அலகுக்குச் சற்று மேலே. கைகளால் இழுக்காமல் இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பவேண்டும். அலகு முன்னால் இறங்கி, இடுப்பருகே வெளியே வரவேண்டும். சொல்லும்போது சுலபம். தோணி ஆடியதும் நான் அதன் விளிம்பைப் பிடித்தேன். அது இன்னும் சாய்ந்தது. "ஓரத்த விடுங்க. துடுப்ப தண்ணியில வைங்க. அதான் உங்க புடிமானம்." விரல்கள் விடவில்லை. அவர் அதட்டவில்லை, விடும்வரை காத்திருந்தார்.

அடுத்த முறை என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். திசை திருப்பும் வேலை பின்னால் இருப்பவருக்கு. நான் மறுத்தேன். "முன்னால இருக்கிறவன் சும்மா கொழுந்து பறிக்கிற ஆளு. பின்னால இருக்கிறவருதான் கங்காணி. உங்களுக்கு அது பழக்கம்தானே" என்றார். தோட்டத்து ஆட்களை ஏவிப் பழகிய யாழ்ப்பாணத்தான் என்ற குத்தல் எனக்குப் புரிந்தது. இழுத்து முடிக்கும்போது மேல்கைப் பெருவிரலைக் கீழே திருப்பி, அலகால் தண்ணீரை வெளியே தள்ளவேண்டும்; அப்போதுதான் தோணி நேராகும். என் தோணி வட்டமடித்தது. மலைச்சரிவில் கொழுந்து பறித்த பெண்களில் ஒருத்தி, "வாத்தியாருங்க கோயில் சுத்துறாங்கடி" என்று கத்தினாள். எனக்கு எரிச்சல். முன்னால் அவருடைய முதுகு சிரிப்பில் குலுங்கியது.

நடுத்தண்ணீரில் காற்று பிடித்தது. "உங்களுக்கு நீந்தத் தெரியுந்தானே?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க."

"என்ன விசர்க்கதை இது?"

"வாத்தியாராகுறதுக்கு முன்ன ஹோட்டல்ல வேல செஞ்சப்ப வெள்ளக்காரங்கள வச்சு தோணி ஓட்டத்தான் விட்டாங்க. தண்ணியில எறங்க விடலயே."

அப்போதுதான் பார்த்தேன். அந்தக் குளிரிலும் அவருடைய பிடரி வியர்த்திருந்தது. உயிர்க்காப்பு அங்கியின் பட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக முடிச்சுப் போட்டிருந்தார். அப்படிப் பயந்தவர், தன்னைப் பிடிக்காத ஒருவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பின்னர் ஒவ்வொரு வாரமும் அப்படியே உட்கார்ந்தார்.

அஞ்சலிக் கூட்டத்தில் "அர்ப்பணிப்பு" என்று தழுதழுத்த மேலதிகாரிதான், தோணி வந்த நாளில் அவரைப் பைத்தியம் என்று சொன்னவர். குளத்துக் குளிர்தான் ஆளைக் கொன்றது, இனித் தோணியைப் பூட்டிவைக்கவேண்டும் என்றும் பேசினார். பொய். இருதய நோய்க்கு அவர் தோணி வருமுன்பே மருந்து எடுத்தார். பரீட்சை நெருங்கும் பிள்ளைகளைப் பற்றி அந்த மேடையில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இனித் தோணியில் கணித டீச்சர் முன்னால் உட்கார வருகிறார். "நேரா கொண்டு போயிருவீங்களா சேர்?" என்று நேற்றுக் கேட்டார். தெரியாது என்றேன். மூன்று இரவாக எனக்குச் சரியான தூக்கமில்லை. அவருடைய பதவிமேல் எனக்கிருந்த கோபம் போகவில்லை. ஆனால் அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த வியர்த்த பிடரிதான். செவ்வாய்க்கிழமை அதைப் பார்த்துக்கொண்டுதான் துடுப்புப் போடப்போகிறேன்.

எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். பூட்டச் சொன்ன தோணியை எடுப்பவனுக்கு இடமாற்றக் கடிதம் அடிக்க மேலே உள்ளவர்களுக்கு ஒரு பெயர் தேவை. பரீட்சை முடியும்வரை அதை நான் கொடுக்கமாட்டேன். கீழே பெயர் போடாமலே இதைப் பதிவிடுகிறேன்.